ஒரே ஒரு பைனாகுலர் போதும்

கணவனும் மனைவியும் சேர்ந்து பொழுதைக் கழிப்பது என்றால் எங்கள் ஊரில் மூன்று வழிதான். சினிமா, ஹோட்டல், துணிக்கடை. மூன்றிலும் உள்ளே நுழைந்ததுமே பணம் இறங்க ஆரம்பிக்கும். மூன்றிலும் பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் வீட்டுக் கணக்கில்தான் வந்து நிற்கும். இரண்டு டிக்கெட், ஒரு பாப்கார்ன், வண்டி நிறுத்தக் காசு என்று படம் முடிவதற்குள் எழுநூறு எண்ணூறு போயிருக்கும். படம் சுமார் என்றால், "இதுக்குப் போலாம்னு யாரு சொன்னது?" என்ற விசாரணை வேறு.

நாங்கள் பறவை பார்க்கிறோம். பாளையங்கோட்டையில் வீடு. கணவருக்கு ஷிப்ட் வேலை, எனக்கு வீட்டிலேயே டியூஷன். அவருக்கு ஓய்வு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் கிளம்பி, மகள் எழுந்து காபி கேட்கிற நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். அதுவரை அவளை அத்தை பார்த்துக்கொள்வார். "காக்கா குருவி பாக்கதுக்கா இந்தப் பனியில போறீய?" என்று அத்தை கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி வைப்பதும் அவர்தான்.

இதற்கு முன்பு வேறு சிலவற்றையும் யோசித்தோம். சேர்ந்து சமைக்கலாம் என்று எல்லாப் பத்திரிகையும் சொல்கிறது. வாரம் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயே நிற்பது என்ன பொழுதுபோக்கோ தெரியவில்லை. அவர் வெங்காயம் நறுக்கிவிட்டுப் பெருமையாக நிற்பார், தொட்டி நிறையப் பாத்திரம் எனக்குக் கிடக்கும். மாடித்தோட்டம் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த வீடுகளில் எல்லாம் இரண்டே மாதத்தில் ஒருவர் தோட்டக்காரர், இன்னொருவர் "தண்ணி ஊத்தியாச்சா?" என்று கேட்கிறவர் என்று ஆகிவிடுகிறது. கேரம் போர்டு இன்னமும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவர் ஹாஸ்டலில் ஜெயித்துப் பழகியவர், எனக்கு ஸ்ட்ரைக்கரே நேராகப் போகாது. ஒருவர் கைதேர்ந்தவராக இருந்தால் மற்றவருக்கு அது விளையாட்டு இல்லை, வகுப்பு.

பறவை விஷயத்தில் இருவருக்கும் சமமாக ஒன்றும் தெரியாது. அதுதான் வசதி. காக்கா, மைனா, கிளி, கொக்கு, மீன்கொத்தி. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்க ஆளில்லாத ஒரு துறையைக் கல்யாணமான இருவர் கண்டுபிடிப்பது லேசில்லை.

ஆரம்பிக்க ஒரு பைசா வேண்டாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தாமிரபரணித் தண்ணீரால் நிறையும் குளங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. டவுனுக்குள்ளேயே நயினார்குளம். மழைக்குப் பிறகு கரையில் போய் நின்றால் கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, நீலத் தாழைக்கோழி எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். நீர்ப்பறவைகள் உருவத்தில் பெரியவை, பதற்றமில்லாமல் ஒரே இடத்தில் நிற்பவை. தோப்பில் இலைக்கு நடுவே துள்ளுகிற விரல்நீளக் குருவியோடு ஆரம்பித்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். குளத்தில் தொடங்குவதே நல்லது.

பிசானம் என்கிற மழைக்கால நெல் நடவுக்கு வயலை உழும்போது போனால் இன்னும் நல்லது. டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசை கட்டி நடக்கும். புரட்டிய சேற்றில் வருகிற பூச்சிக்காக. கொஞ்சம் தள்ளி நத்தைகுத்தி நாரை நிற்கும். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும். அலகு உடைந்துபோய்விட்டதோ என்று முதலில் பாவப்பட்டோம். பிறகு பார்த்தால் வளர்ந்த நாரைக்கு அப்படித்தான் இருக்குமாம், குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது. ஊரில் முப்பது வருடம் வயலைத் தாண்டிப் போயிருக்கிறோம், இருவரில் ஒருவரும் இதைக் கவனித்ததில்லை.

இனி பைனாகுலர். செலவு என்று சொன்னால் இது ஒன்றுதான். ஆறேழாயிரம் ரூபாயில் நல்லதாகவே கிடைக்கும். அதன் மேல் 8x42 என்றோ 8x40 என்றோ போட்டிருக்கும். எட்டு என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக்கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். பத்து மடங்கில் பறவை பெரிதாகத் தெரியும், அதே பத்து மடங்கில் நம் கை நடுக்கமும் தெரியும். பார்க்கிற பரப்பும் சுருங்கிவிடும், பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பக்கத்து ஊருக்குப் போயிருக்கும். ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம்.

நாங்கள் வாங்கியது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் பணம் அவ்வளவுதான் இருந்தது. இப்போது யாராவது ஆலோசனை கேட்டால், பணம் இருந்தாலும் ஒன்றே வாங்குங்கள் என்கிறேன்.

ஒரு பைனாகுலரை இருவர் பகிர்வது நினைப்பதுபோல் எளிதில்லை. அவர் கண்ணாடி போட்டவர், நான் போடாதவள். கண் வைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தை அவருக்கு உள்ளே திருகி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்சி ஒரு சிறு துளையாகத்தான் தெரியும். எனக்கு அதை வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் கருப்பு நிழல் ஆடும். இருவருக்கும் கண்களுக்கு இடையே உள்ள தூரம் வேறு, அதனால் நடுவில் இருக்கும் கீலையும் மடக்கி விரிக்க வேண்டும். வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் பார்வையில் வித்தியாசம் இருந்தால் சரிசெய்ய அது. முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, அந்தச் சின்ன வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒரு தடவை வைத்தால் போதும், பிறகு தூரத்துக்குத் தகுந்தபடி நடுச்சக்கரம் மட்டும்தான். ஆனால் கை மாறும்போதெல்லாம் இந்தக் கச்சேரியை முதலிலிருந்து நடத்த முடியுமா? அந்த வளையத்தில் எனக்குச் சரியாக வருகிற இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு, அவருக்கு வருகிற இடத்தில் வெள்ளைப் பொட்டு வைத்திருக்கிறோம். வாங்கும்போது வளையம், கீல், சக்கரம்; கொடுக்கும்போது வளையம், கீல், சக்கரம். இப்போது கை தானாகச் செய்கிறது. சில சமயம் அவர் எனக்கு வைத்தே நீட்டுகிறார். கல்யாண நாளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்ததைவிட எனக்கு அது பெரிதாகப்படுகிறது. அவரிடம் சொல்லவில்லை, புடவையை நிறுத்திவிடுவார்.

பைனாகுலர் ஒன்றே என்பதால் இன்னொரு காரியமும் நடக்கிறது. ஒருவர் பார்க்கும்போது மற்றவருக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

"அந்தா இருக்கு பாரு."

"எங்க?"

"அந்தா, அந்த மரத்துல."

"எந்த மரத்துல? முப்பது மரம் நிக்கி."

"ஏ, அந்தப் பச்சை மரம்."

முதல் சில மாதங்கள் எங்கள் பேச்சு இப்படித்தான் இருந்தது. பறவை பறந்துபோன பிறகும் "எந்தப் பச்சை மரம்" சண்டை பாக்கி இருக்கும். அப்புறம்தான் கடிகார முறைக்கு வந்தோம். மரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்வது. உச்சி பன்னிரண்டு, வலதுபக்கம் மூன்று, இடதுபக்கம் ஒன்பது. "கரண்ட் கம்பத்துக்கு இடப்பக்கம் உள்ள ஒடமரம். பத்து மணி. வெளிக்கிளையில இருந்து ஒரு சாண் உள்ள." இப்படிச் சொன்னால் கிடைத்துவிடும். அசையாத ஒரு அடையாளத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக நகர வேண்டும், கேட்கிறவர் "ம், கம்பம் பாத்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் அடுத்த படி. வீட்டுக்குள் சாவி எங்கே என்று கேட்டால் அவர் இன்றைக்கும் "அங்கதான்" என்றுதான் சொல்கிறார். குளத்தங்கரைப் பயிற்சி வாசல்படி தாண்டி உள்ளே வரவில்லை.

பறவை ஆராய்ச்சி என்றதும் இந்தியாவில் எல்லோரும் சொல்கிற பெயர் சாலிம் அலி. அவருடைய மனைவி தெஹ்மினாவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1918-ல் கல்யாணம். 1930 வாக்கில் சாலிம் அலி ஜெர்மனியில் படித்துவிட்டுத் திரும்பியபோது மும்பை அருங்காட்சியகத்தில் அவருக்கு இருந்த வேலை பணமில்லை என்று நீக்கப்பட்டிருந்தது. கையில் சம்பளம் இல்லை. மும்பைக்கு எதிரே கடலோரத்தில் கிஹிம் என்று ஒரு கிராமம். அங்கே தெஹ்மினாவின் குடும்பத்துக்கு வீடு இருந்தது. செலவைக் குறைக்க இருவரும் அங்கே போய்த் தங்கினார்கள். பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையில்லாத அந்த மழைக்காலத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியதுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பெரிய ஆய்வு. பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுக்கப் போனபோது தெஹ்மினாவும் கூடவே கூடாரத்தில் இருந்தார். 1939-ல் அவர் இறந்துவிட்டார். நல்ல வசதியான வீட்டில் வளர்ந்த பெண் காட்டு முகாமில் வருடக்கணக்கில் எப்படிச் சமாளித்தார் என்பது தனியாக எழுத வேண்டிய கதை. எழுதியவர்கள் குறைவு.

கிஹிமில் சாலிம் அலி பார்த்ததை நாங்கள் தூத்துக்குடி போகிற சாலையோரப் பனைகளில் பார்த்தோம். ஆண் குருவி நெல்லோலையையும் புல்லையும் கிழித்து வந்து கூடு பின்னும். பாதி கட்டி, கவிழ்த்த தலைக்கவசம் மாதிரி ஆனதும் நிறுத்திவிட்டு, அதில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே ஏறி நார் நாராக இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். பிடித்தால்தான் ஆண் மிச்சத்தையும் வாசல் குழாயையும் கட்டி முடிக்கும். என் கணவர் இதைப் பார்த்துவிட்டு, "வீட்டுக் கடன் வாங்குறதுக்கு முன்னாடியே வந்து பாத்துட்டுப் போயிருக்கலாம்லா நீ" என்றார். அவர் பாவம், கதையின் மிச்சத்தை அப்போது அறிந்திருக்கவில்லை. பெண் முட்டையிட்டு அடைகாக்க ஆரம்பித்ததும் ஆண் அடுத்த கூட்டைக் கட்ட ஆரம்பித்துவிடும், இன்னொரு பெண்ணைக் கூப்பிட. அதை வாசித்துக் காட்டினேன். வண்டியில் வரும்போது ரொம்ப நேரம் இயற்கையின் அற்புதம் பற்றி ஒன்றும் பேசவில்லை.

போக்குவரத்துச் செலவுக்கு வருகிறேன். பக்கத்துக் குளம் என்றால் டவுன் பஸ். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு இல்லை. ராஜவல்லிபுரம் குளத்துக்கு நான் ஓசியில் போவேன், அவர் டிக்கெட் எடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னால் மிச்சம் என்று அவர் ஒத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். கொஞ்சம் தள்ளி என்றால் பைக். கூந்தன்குளம் போய்வர எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை லிட்டர் பெட்ரோல். வழியில் இட்லி, வடை, டீ. முந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

கூந்தன்குளத்தை வெளியூர்க்காரர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அது 1994-லிருந்து சரணாலயம், இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அங்கே பறவைகள் காட்டுக்குள் இல்லை. தெருவில் இருக்கின்றன. வீட்டு வாசல் வேப்பமரத்தில் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும், அடுத்த மரத்தில் கூழைக்கடா. கீழே கோலம் போட்டிருப்பார்கள், கோலத்தின் மேல் வெள்ளையாக எச்சம் விழும், மறுபடி தெளிப்பார்கள். நாற்றமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மீன் வாடை, எச்சத்தின் காரம், குஞ்சுகள் ஓயாமல் கத்துகிற சத்தம். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு, பறவை வந்தால் ஊர் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. இரண்டில் எது முதலில் வந்ததோ, பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

குளத்தின் நடுவில் குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கருப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறவை. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே அவை பறப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்த பறவை நாங்குநேரி பக்கத்தில் ஒரு குளத்தில் எருமைக்குப் பக்கத்தில் சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மாறி மாறிப் பார்த்தோம். இரண்டு பேரும் வீட்டுக் கடன், மகளின் பள்ளிக் கட்டணம், அவருடைய அண்ணன் விஷயம் எதையும் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டதில்லை. கையில் வேறு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அத்தையின் வாயை அடைக்கத் திருப்புடைமருதூர் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில். நாறும்பூநாதர் கோவிலைச் சுற்றியுள்ள பெரிய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் பறவைகள் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. 2005-ல் அந்த இடத்தைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் பிரிவு வந்த பிறகு நாட்டிலேயே முதலில் அறிவிக்கப்பட்டது இந்தச் சின்ன இடம்தான். "கோவிலுக்குப் போயிட்டு வாரோம் அத்த" என்றால் வீட்டில் ஒரு கேள்வி கிடையாது. பொய்யும் இல்லை, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் மரத்தடிக்கு வருகிறோம். ஆற்றில் குளியல் வேறு. மூன்று காரியம், ஒரே பெட்ரோல்.

ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. விடியற்காலையில் குளத்துக் கரையில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றால் ஊர் சும்மா இருக்காது. எங்களை முதலில் பார்க்கிறவர் பெரும்பாலும் மாடு பத்தி வருகிற பெரியவராக இருப்பார்.

"என்னா, நெலம் பாக்க வந்தியளா?"

"இல்லய்யா, பறவை பாக்க வந்தோம்."

"பறவையா?" என்று எங்களை மேலும் கீழும் பார்ப்பார். அடுத்த பார்வை என் கழுத்துக்குப் போகும். தாலி இருந்தால் ஒரு முகம், துப்பட்டாவுக்குள் இருந்தால் வேறு முகம். இதற்காகத் தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் போட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் விவாதிக்கப் பொறுமை இல்லை. பைனாகுலரைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு பெரியவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏ, தூரமால்லா போகுது!" என்றார். சரியாகப் பிடித்துக் கொடுத்தோம். பிறகு அரை மணி நேரம் எங்களுக்கு முறை வரவில்லை. போகும்போது, மடைக்கு அந்தப் பக்கம் சாயங்காலம் வந்தால் நரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தச் செயலியிலும் அந்தத் தகவல் இல்லை.

செயலிகளும் இலவசம்தான். மெர்லின் என்று ஒன்று, பறவையின் நிறம், அளவு, பார்த்த இடம் சொன்னால் பட்டியல் கொடுக்கும், கூவுகிற சத்தத்தைக் கேட்டும் பெயர் சொல்லும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்தது. சத்தத்தை வைத்து அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, கண்ணால் பார்த்தபிறகுதான் எழுத வேண்டும். இபேர்ட் என்று இன்னொன்று. எங்கே, எத்தனை மணிக்கு, என்னென்ன பறவை, எத்தனை என்று பட்டியல் ஏற்றலாம். உலகம் முழுக்க ஆட்கள் ஏற்றுகிறார்கள், ஆய்வாளர்கள் அதை எடுத்து வலசை, எண்ணிக்கை எல்லாம் பார்க்கிறார்கள்.

இதில் தம்பதிகளுக்கென்றே செய்தது போல ஒரு வசதி இருக்கிறது. சேர்ந்து போனவர்களில் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவருக்குப் பகிரலாம். மற்றவர் தன் கணக்கில் அதை ஏற்றுக்கொள்ளும்போது, தான் பார்க்காததை நீக்கிவிடலாம். அங்கேதான் நேர்மை சோதனை. ஒரு டிசம்பரில் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடிச் சருகில் அவர் ஆறுமணிக்குருவியைப் பார்த்தார். பச்சை முதுகு, வயிற்றில் சிவப்பு, தத்தித் தத்தி நடக்கும், வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வருவது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் மதிலைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் இரட்டை விசில் எனக்கும் கேட்டது. பட்டியல் வந்தது. கேட்டதையும் எழுதலாம் என்றுதான் விதி. ஆனாலும் நான் நீக்கிவிட்டேன். "ஏன் எடுத்த? கேட்டேல்லா?" என்றார். கேட்டேன், பார்க்கவில்லை. அவர் பட்டியலில் ஒன்று அதிகம், என் பட்டியலில் ஒன்று குறைவு. அவர் நைட் ஷிப்ட் போயிருந்த ஒரு வாரத்தில் மாடியில் நான் புள்ளி ஆந்தை ஜோடியைப் பார்த்து அதைச் சமன் செய்தேன்.

ஜனவரி எங்களுக்குத் திருவிழா மாதம். பொங்கலையொட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, 2015-லிருந்து நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று கண்ணில் படுகிற பறவைகளை எண்ணி இபேர்டில் ஏற்ற வேண்டும், மொட்டைமாடி, வயல், பள்ளி மைதானம், எங்கே வேண்டுமானாலும். மாமியார் வீட்டுப் பொங்கலுக்குப் போன இடத்திலும் செய்யலாம் என்பது இதன் சிறப்பு. அதே மாதம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. 2011-லிருந்து தன்னார்வலர்களைக் குழு குழுவாகப் பிரித்துத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். பெயர் கொடுத்தால் போதும், அனுபவம் உள்ளவர் ஒருவர் கூட வருவார். இலவசமாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தாழைக்கோழியையும் நாமக்கோழியையும் பிரித்துப் பார்க்க நாங்கள் படித்தது அங்கேதான். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை நாமம், மற்றதற்குச் சிவப்பு.

எல்லோருக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஞாயிறு என்றால் எட்டு மணி வரை தூங்க வேண்டும் என்கிறவர்களுக்கு ஆகாது. ஏப்ரல், மே மாதங்களில் குளம் வெடித்துக் கிடக்கும், வெயில் ஏழு மணிக்கே மண்டையைப் பிளக்கும், வலசை வந்தவை திரும்பிப் போயிருக்கும். அப்போது நாங்களும் தூங்குவோம். என் கணவருக்கு வேக நடை, ஒரு இடத்தில் நிற்க மாட்டார். எனக்கு ஒரே கொக்கை அரை மணி நேரம் பார்க்க வேண்டும். குருட்டுக்கொக்கு தவளைக்காகக் கழுத்தை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டிருக்கும்போது "வா, அடுத்த கரைக்குப் போவோம்" என்று சொல்கிறவரோடு வாழ்வது கஷ்டம்தான். இப்போது ஒரு ஏற்பாடு. பைனாகுலர் என்னிடம் இருக்கும்வரை அவர் கரையோரம் நடந்துவிட்டு வருவார், வந்ததும் வாங்கிக்கொள்வார், நான் காபி ஊற்றிக்கொண்டு உட்காருவேன்.

உடை விஷயத்தில் மட்டும் ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். மண் நிறம், பாசி நிறம், வெளிறிய பழைய துணி. அவருக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிய ஆரஞ்சு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்த அன்று ஆள்காட்டிக் குருவி குளத்துக்கே அறிவித்துவிட்டது. அப்படிப் பார்த்தால் துணிச்செலவும் மிச்சம். மற்ற எல்லா இடத்துக்கும் நல்ல துணி வேண்டும், இங்கே மட்டும் கந்தல்தான் மரியாதை.

போன மாதம் ராஜவல்லிபுரத்தில் சேற்று ஓரத்தில் ஒரு உள்ளான், சேற்றில் இரை தேடுகிற சின்னப் பறவை. உள்ளானில் உட் சாண்ட்பைப்பர் என்கிற வகை என்றார் அவர். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் நீளமாக இருக்கிறதாம், காலும் மஞ்சளாக இருக்கிறதாம். நான் பார்த்தபோது அது பறந்தது, இறக்கையின் அடிப்பக்கம் கருப்பாகத் தெரிந்தது. கிரீன் சாண்ட்பைப்பருக்குத்தான் அப்படி, உட் சாண்ட்பைப்பருக்கு அடி இறக்கை வெளிறியிருக்கும். அவர் பார்த்தது ஒரு பறவை, நான் பார்த்தது பக்கத்தில் நின்ற இன்னொன்று என்றும் இருக்கலாம். போட்டோ இல்லை. அவர் பட்டியலில் உட், என் பட்டியலில் கிரீன் என்று அப்படியே ஏற்றியிருக்கிறோம். அடுத்த ஞாயிறு அவருக்கு ஓய்வு. இந்தத் தடவை கரையில் முதலில் பைனாகுலர் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் இன்னும் முடிவாகவில்லை.